நீதி, ஞாயம், முறை: வாலி கேட்ட கேள்வியை முன்வைத்து

இந்த வருஷப் பொங்கல் விழாவில் நம் ஊர்ப் பட்டிமன்றத்துக்கு வைத்த தலைப்பு பழைய தலைப்புதான்: வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது நியாயமா, அநியாயமா? ரங்கத்தில் இந்தத் தலைப்புக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. தசரத்பூர், ஜனக்பூர், மிதிலா, ஊர்மிளாபூர், பஞ்சவடி, சபரி என்று சுற்றியுள்ள கிராமங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனால் பாதி இராமாயணம் வந்துவிடும். எல்லாம் குடியேற்ற காலத்துப் பெயர்கள். வங்காளி வீட்டுப் பிள்ளைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்.

பட்டிமன்றம் நன்றாகவே நடந்தது. நடுவர் இரண்டு அணியையும் பாராட்டிவிட்டு, "காரணம் நியாயம், செய்த விதம் நியாயமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். பலத்த கைதட்டல். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, நியாயம்னா நியாய் தானே, கோர்ட்டுல குடுக்கிறது? அப்ப நாம ஏன் நீதிமன்றம்னு சொல்றோம்? நீதின்னா பாலிசி தானே?"

பதில் சொல்லத் திணறிவிட்டேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. இந்தியில் அப்படித்தான். 'சிக்ஷா நீதி' என்றால் கல்விக் கொள்கை, 'விதேஷ் நீதி' என்றால் வெளியுறவுக் கொள்கை. கோர்ட்டில் கிடைப்பது 'நியாய்'. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளம் என்று வளரும் தீவுப் பிள்ளைக்கு ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் மட்டும் என்ன, 2015 ஜனவரி 1-ல் திட்டக் குழுவின் இடத்தில் வந்த 'நீதி ஆயோக்'கைத் தமிழ்ப் பத்திரிகைகள் பல இன்றும் 'நிதி ஆயோக்' என்றே எழுதுகின்றன. நெடிலோடு எழுதினால் ஏதோ விசாரணைக் கமிஷன் என்று வாசகர் நினைப்பார்; குறிலோடு எழுதினால் பணம் ஒதுக்குகிற குழு என்று நினைப்பார். இரண்டும் தப்புத்தான். 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது 'பாரதிய நியாய சன்ஹிதா'. ஆக, சட்டப் புத்தகத்தின் அட்டையில் நியாயம் இருக்கிறது, கட்டடத்தின் பெயர்ப் பலகையில் நீதி இருக்கிறது. குழம்பாமல் என்ன செய்யும் பிள்ளை?

மகளின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. இலக்கணக் கட்டுரை என்று பயந்து யாரும் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். கடைசியில் வாலியிடம்தான் வந்து சேருவேன்.

நீதி, நியாயம் இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை. நீதி என்பதற்கு 'நடத்திச் செல்வது' என்ற பொருளுள்ள வேர். அதனால்தான் நம்மவர்கள் ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் நீதி நூல் என்றார்கள். அவற்றில் கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. நடந்துகொள்ள வேண்டிய விதம் மட்டும்தான் இருக்கிறது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) தினமும் தீர்ப்பு எழுதிய மனிதர். அவர் 1859-ல் வெளியிட்ட 'நீதிநூல்' ஒழுக்கம் பற்றிய செய்யுள் நூல். கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி 1862-ல் கொடுத்தபோது அவர் வைத்த பெயர் 'சித்தாந்த சங்கிரகம்'. நீதிபதியாகவே இருந்தவருக்கு 'நீதி' என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கோர்ட்டுக்கு 'நியாயஸ்தலம்' என்ற பெயரும் வழங்கியது. கிறிஸ்தவ வேதாகமத் தமிழில் 'நியாயாதிபதிகள்' என்று ஒரு புத்தகமே உண்டு. 'நியாயத்தீர்ப்பு' என்ற சொல் இன்றும் தேவாலயங்களில் ஒலிக்கிறது. ஆகவே என் மகள் சொன்ன பொருள் தமிழில் ஒருகாலத்தில் இருந்த பொருள்தான். பிற்பாடு நீதிமன்றம், நீதிபதி, நீதியரசர், சமூக நீதி என்று பெரிய இடங்களிலெல்லாம் நீதி போய் உட்கார்ந்துகொண்டது. நியாயம் தெருவுக்கு வந்தது.

வந்ததும் அதன் எழுத்தே மாறிவிட்டது. பேச்சில் அது 'ஞாயம்', சில ஊர்களில் 'நாயம்'. "இது ஞாயமா சொல்லுங்க", "அவன் பேசுறதும் ஒரு ஞாயந்தான்", "ஒன் ஞாயத்த ஒன்னோட வச்சுக்க" என்றெல்லாம் சொல்கிறோம். இந்த வாக்கியங்களில் எதிலாவது ஞாயத்தை எடுத்துவிட்டு நீதியைப் போட்டுப் பாருங்கள், ஒட்டாது. ஞாயம் ஆளுக்கு ஒன்றாக இருக்கலாம். மாமியாருக்கு ஒரு ஞாயம், மருமகளுக்கு ஒரு ஞாயம் இருந்தால் சண்டையே தவிர இலக்கணப் பிழை இல்லை. நீதி அப்படிப் பிரியாது. அநியாயம் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, 'ரொம்ப' என்பதற்கே பதிலாக வந்துவிட்டது. கப்பல் வராத வாரத்தில் வெங்காயம் "அநியாய வெல" விற்கிறது. "அநியாயத்துக்கு நல்லவர்" என்று ஒருவரைப் பாராட்டுகிறோம்! 'நியாயப்படுத்துவது' என்ற பிற்காலச் சொல்லுக்கோ, செய்த தப்புக்குக் காரணம் கற்பிப்பது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். 'அநீதி' மட்டும் சமையலறைப் பக்கமே வந்ததில்லை. அது மேடைச் சொல்.

என் மதிப்பீட்டில், இரண்டு சொல்லுக்கும் இப்போது ஒவ்வொரு குறை இருக்கிறது. நீதி மேலேயிருந்து கிடைப்பது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நியாயம் கீழேயிருந்து கேட்பது, ஆனால் கேட்கிறவரின் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒன்று, எப்படி விசாரித்தோம், யாரைக் கேட்டோம், யாருக்குப் பின் யார் என்ற அந்தச் சங்கதி, இரண்டு சொல்லிலும் இல்லை. தமிழில் அதற்கு ஒரு சொல் இருந்தது. இன்றும் இருக்கிறது. அதற்கு வேறு வேலைகள் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான். அந்தச் சொல் 'முறை'.

திருக்குறளில் நடுவு நிலைமை, செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரு தடவை சேர்த்துப் படித்துப் பாருங்கள். அரசன் செய்ய வேண்டியது 'முறை' என்றே திரும்பத் திரும்ப வருகிறது. முறை செய்கிறவன், முறை செய்யாதவன், முறை கோணியவன். மற்ற சொற்களும் அழகானவை: செப்பம், தகுதி, கோட்டம். அநேகமாக எல்லாமே நேர், வளைவு என்ற கணக்கிலிருந்து பிறந்தவை. செம்மையான கோல் செங்கோல். செம்மை என்றால் இங்கே நேராக இருப்பது. வளைந்தது கொடுங்கோல். தராசின் கோலும் கோல்தான். 2023 மே 28-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் வைக்கப்பட்டபோது இந்திச் செய்தியிலும் அதே சொல் வந்தது. என் பக்கத்து வீட்டு வங்காளி மாஸ்டர், "செங்கோல் மானே கீ?" என்று கேட்டார். சீதி லாட்டி, நேரான கம்பு என்றேன். "பஸ்? இத்னாஹி?" என்று ஏமாந்துபோனார். தங்க முலாமும் மேலே நந்தியும் டிவியில் பார்த்தவருக்கு வெறும் 'நேரான கம்பு' போதவில்லை. ஆனால் சொல்லில் இருப்பது அதுதான்.

'கண்ணோட்டம்' என்ற சொல்லையும் இங்கே சொல்லாமல் போக மனசில்லை. இப்போது அதற்குப் 'பார்வை' என்று அர்த்தம் வைத்து, 'சமூகவியல் கண்ணோட்டத்தில்' என்று எழுதுகிறோம். வள்ளுவரிடம் அது தாட்சண்யம், இரக்கம். அதற்குத் தனியாக ஓர் அதிகாரமே கொடுத்துப் புகழ்கிறார். ஆனால் முறை செய்யும்போது மட்டும் கண் ஓடக்கூடாது என்று செங்கோன்மையின் முதல் குறளிலேயே கதவைச் சாத்திவிடுகிறார். ஒரே மனிதனிடம் இருக்க வேண்டிய நல்ல குணம், ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் குற்றமாகிவிடுகிறது. இவ்வளவு நுட்பமாகப் பிரித்த மொழி நம் மொழி.

சங்ககாலத்திலும் முறை என்பது ஓர் அருவமான தத்துவமாக இல்லை. போய்க் கேட்டு வாங்குகிற காரியமாக இருந்தது. புறநானூற்றின் 35-வது பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் பேசுகிறார். முறை வேண்டி வருகிறவர்களுக்கு அரசன் சுலபமாகக் காணக் கிடைக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் பெய்த மழை மாதிரி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் தத்துவம் பேசப் போகவில்லை. நிலத்துக்கு வரிப் பாக்கி இருந்தது, அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் போனார், தள்ளுபடியும் வாங்கினார். நில விஷயமாக ஆபீஸ் படியேறி இறங்கிய நம்மில் பலருக்கு நாகனார் சொந்தக்காரர் மாதிரித் தெரிவார்.

முறை என்ற சொல்லுக்கு இன்று என்னென்ன வேலை? ரேஷன் கடை வரிசையில் "இப்ப என் முறை". கல்யாணப் பேச்சில் முறைமாமன், முறைப்பெண். ஒரு காரியம் செய்கிற விதமும் முறைதான். மூன்று முறை என்றால் மூன்று தடவை. மேலிடத்தில் போய் அழுவது முறையீடு. இலங்கைத் தமிழில் போலீஸில் கொடுக்கிற புகாருக்கு இன்றும் 'முறைப்பாடு' என்றே பெயர்; அங்கிருந்து கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களோடு பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கும். வரிசை, உறவு, விதம், புகார் எல்லாம் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் முன்னோர்களுக்கு நியாயம் என்பது முடிவைக் காட்டிலும் முடிவுக்கு வந்த வழியில் இருந்தது. இதற்குச் சாட்சி அகராதியில் இல்லை, காவியங்களில் இருக்கிறது.

கண்ணகியை எடுத்துக்கொள்வோம். மதுரை அரண்மனையில் அவள் பாண்டியனைப் பார்த்து முதலில் என்ன சொல்கிறாள்? கொலைகாரா என்று சொல்லவில்லை, கொடுங்கோலா என்றும் சொல்லவில்லை. 'தேரா' மன்னன் என்கிறாள். ஆராய்ந்து பார்க்காதவன் என்று அர்த்தம். புருஷனைப் பறிகொடுத்து, தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கிற பெண்ணின் வாயில் முதலில் வருகிற குற்றச்சாட்டு, 'நீ விசாரிக்கவில்லை' என்பது. நாற்பது வருஷம் முன்னால் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எதுகை மோனைக்காகப் போட்ட அடைமொழி என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. ஏனென்றால் இளங்கோ அதே வினையை முன்னாலேயே ஒரு தடவை போட்டுவைத்திருக்கிறார். கொலைக்களக் காதையில், ஊடல் கொண்ட தேவியைச் சமாதானம் செய்யக் கிளம்பிப்போகிற பாண்டியன், வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு ஆணை கொடுக்கிற இடத்தில், அவன் 'தேரான் ஆகி'ச் சொன்னான் என்று கவிஞர் தம் வாயாலேயே சொல்கிறார். கண்ணகி அப்போது அங்கே இல்லை, அதைக் கேட்கவும் இல்லை. ஆனாலும் நான்கு காதைகள் கழித்து வந்து அதே சொல்லால் அரசனைக் கூப்பிடுகிறாள். கவிஞரின் தீர்ப்பும் பாதிக்கப்பட்டவளின் தீர்ப்பும் ஒரு சொல்லில் சந்திக்கின்றன.

அரசன் மறுமொழி என்ன? கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான். அவன் பேசுவது விளைவைப் பற்றி. அந்தப் பேச்சில் தவறும் இல்லை. திருடன் என்றால் அந்தக் காலத்தில் அதுதான் தண்டனை. திருடனா என்று பார்த்தாயா என்பதுதான் அவள் கேள்வி. பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? தேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். ஒரு சிலம்பை உடைத்தால் தீர்ந்தது. ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாததால் ஒரு உயிர் போனது, பிறகு அரசன் உயிர், அரசி உயிர், கடைசியில் ஊர். இளங்கோ இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். கொலைக்கு அனுப்பப்பட்ட காவலர்களுக்கே சந்தேகம் வருகிறது. இந்த ஆள் முகத்தில் கள்ளக்களை இல்லையே என்று ஒருவன் சொல்கிறான். பொற்கொல்லன் திருடர்களின் சாமர்த்தியம் பற்றி நீளமாக ஒரு பிரசங்கம் செய்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். விசாரணை நடக்க வேண்டிய இடத்தில் நடக்காமல், அதிகாரமில்லாத நாலு பேர் நடுவில், தெருவில் அரைகுறையாக நடந்து பாதியில் அறுந்துபோகிறது. இதைவிடப் பயங்கரமான காட்சி தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இளங்கோ ஊழ்வினையையும் வைத்திருக்கிறாரே என்று பெரியவர்கள் கேட்கலாம். வைத்திருக்கிறார். மதுராபதித் தெய்வம் வந்து, கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்த கதையைச் சொல்கிறது. சமாதானமாகத்தான் சொல்கிறது. எனக்கு என்னவோ அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. தெய்வம் வருவதற்குள் ஊர் எரிந்துவிட்டது. தவிர, அந்த முற்பிறப்புக் கதையும் விசாரிக்காமல் கொன்ற கதைதான். ஊழ் என்று சொல்லப் போய், இளங்கோ அதே குற்றத்தை இரண்டாம் தடவை எழுதிக் காட்டுகிறார். 'தேர்' என்ற வேரிலிருந்துதான் தேர்வு, தேர்தல் எல்லாம் வருகின்றன. 'தீர்' என்ற வேரிலிருந்து தீர்ப்பு. ஒலியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தேராமல் தீர்த்தது பாண்டியன் செய்த காரியம்.

இதற்கு நேர் எதிரான காட்சி பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் கையில் ஓலையோடு வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது உலகத்தில் இல்லாத வழக்கம் என்று அவையோருக்கே தெரிகிறது. ஆனாலும் கிழவரைத் துரத்தவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். அனுபோகம், பத்திரம், சாட்சி என்று இன்றைய வக்கீல் சொல்வதும் இதைத்தான். கிழிபட்டது நகல், மூலம் இருக்கிறது என்று கிழவர் எடுத்துக் காட்ட, தாத்தாவின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாப்பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பாகிறது. வந்த கிழவர் சிவபெருமான் என்பது நமக்குத் தெரியும், அவைக்குத் தெரியாது. சாமியே ஆனாலும் ஓலையைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. சேக்கிழார் சோழ நாட்டு அமைச்சராக இருந்தவர். ஓலைகளோடு பழகிய கை அது. பக்திக்காகப் படிக்கிறவர்கள் இந்த விசாரணைக் காட்சியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது எப்போதும் வருத்தம். தீவில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே 1978-க்கு முன்னாலா பின்னாலா, பேப்பர் இருக்கிறதா என்ற கேள்வி வருகிற நமக்கு இது புராணமாகத் தெரிய வேண்டியதில்லை.

இனி வாலி. பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் வால்மீகியையும் கம்பரையும் கலந்து பேசினார்கள். கலக்கக்கூடாது என்பது என் கட்சி. வால்மீகியில் இராமன் ஒரு காரணம் சொல்கிறான்: நீ விலங்கு, அரசர்கள் வேட்டையாடும்போது மறைந்து நின்றும் அடிப்பார்கள், அதில் தோஷமில்லை. கம்பர் இந்தக் காரணத்தை என்ன செய்தார் என்று பாருங்கள். கம்பரின் வாலி தானே முந்திக்கொண்டு, நாங்கள் வானரங்கள், உங்கள் மனிதக் கல்யாண ஒழுக்கமெல்லாம் எங்களுக்கு இல்லை என்கிறான். இராமன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நல்லது கெட்டது தெரிந்தவனை விலங்கு என்று சொல்ல முடியாது, தெரிந்தே தம்பி மனைவியை எடுத்துக்கொண்டாய், அதனால் தண்டனை என்கிறான். சரி, நியாயமான பேச்சு. உடனே வாலி கேட்கிறான்: அப்படியானால் வேடன் விலங்கை அடிப்பதுபோல் மறைந்து நின்று ஏன் அடித்தாய்?

கம்பர் செய்த காரியம் சாதாரணமானதில்லை. வால்மீகி இராமனுக்குத் தப்பிப் போகத் திறந்துவைத்த வாசல் எதுவோ, அதையே அடைத்து, அதே கல்லை எடுத்து வாலியின் கையில் கேள்வியாகக் கொடுத்திருக்கிறார். விலங்கு என்றால் குற்றம் இல்லை. விலங்கு இல்லை என்றால் மறைந்து அடித்தது தப்பு. இரண்டில் ஒன்றைத்தான் இராமன் வைத்துக்கொள்ள முடியும். இந்தக் கேள்விக்கு இராமன் பதில் சொல்லவில்லை. இலக்குவன்தான் சொல்கிறான்: உன் தம்பி முதலில் அடைக்கலம் கேட்டு வந்துவிட்டான், எதிரே வந்தால் நீயும் உயிருக்கு அடைக்கலம் கேட்டுவிடுவாய் என்று மறைந்து நின்றார். கேட்டவனுக்குப் பதில் கிடைத்தது, கேட்கப்பட்டவன் வாயிலிருந்து கிடைக்கவில்லை. நம் பட்டிமன்ற நடுவர், "காரணம் நியாயம், விதம் நியாயமில்லை" என்றாரே, அதைக் கம்பர் ஒரு தீர்ப்பாகச் சொல்லாமல் ஒரு மௌனமாக வைத்தார். இராமபக்தராகவும் இருந்துகொண்டு, காவிய நாயகனைக் கூண்டில் ஏற்றி, அவனைக் காப்பாற்றாமல் விட்டது பெரிய துணிச்சல்.

வாலி சமாதானமாகித்தான் சாகிறான். போகும்போது ஒன்று கேட்கிறான். தம்பி குடித்துவிட்டுப் புத்தி கெட்டு ஏதாவது தப்புச் செய்தால், என்மேல் விட்ட இந்த அம்பை அவன்மேல் விட்டுவிடாதே. தன்னைக் கொல்ல வைத்தவனுக்காகக் கேட்கிறான். எனக்குக் கிடைக்காத முறை அவனுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் இதை நான் படிக்கிறேன். பக்தி உரைகாரர்கள் இதை வாலியின் ஞானோதயம் என்பார்கள். இருக்கட்டும். என் காதில் அது கடைசி வாதமாகத்தான் விழுகிறது.

இதையெல்லாம் எழுதிவிட்டு நம் ஊர் விஷயம் ஒன்றைத் தொடாமல் போனால் நானும் மரத்துக்குப் பின்னால் நின்றவன் ஆவேன். அந்தமான் டிரங்க் ரோடு. ஜரவா காப்புக் காட்டின் வழியாகப் போகும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே 7-ல் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. ஜிர்க்காடாங்கில் வண்டிகள் வரிசையில் நின்று, கான்வாயாகப் போலீஸ் காவலோடு போய்க்கொண்டிருக்கின்றன. நாமும் அதில்தான் போகிறோம். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆன பிறகும் ஆஸ்பத்திரிக்கும் ஹைகோர்ட் அமர்வுக்கும் பரீட்சைக்கும் அங்கேதான் போயாக வேண்டும். நமக்கு ஞாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். என் மாமனார் எழுபதுகளில் ராமநாதபுரத்திலிருந்து அந்த ரோட்டு வேலைக்கு வந்தவர். ராத்திரி கூடாரத்தில் அம்புக்குப் பயந்து தூங்காமல் கிடந்ததை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "நாங்க வயித்துக்காகப் போனோம்ப்பா. அவுக காட்டுக்காக நின்னாக. எங்க மேஸ்திரி ஒருநாளும் அவுகள குத்தம் சொன்னதில்ல" என்பார்.

கோர்ட்டில் சுற்றுச்சூழல் அமைப்புகள் பேசின, அரசாங்கம் பேசியது, குடியேறிகளுக்காகவும் பேசினார்கள். எல்லாம் நம் மொழிகளில். காட்டுக்காரர்களுக்கு நாம் வழங்கும் 'ஜரவா' என்ற பெயர்கூட அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டதில்லை. பக்கத்தில் வாழ்ந்த வேறொரு அந்தமான் இனத்தார், 'வேற்றாள்' என்ற அர்த்தத்தில் வைத்தது. அவர்கள் தங்களை 'அங்' என்கிறார்கள். சாலை போடுமுன் அவர்களை யாரும் கேட்கவில்லை. மூடுவதா திறப்பதா என்ற பேச்சிலும் அவர்கள் வாய்ச்சொல் எங்கேயும் பதிவானதாக நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு நீதி கிடைத்ததா என்பது ஒரு கேள்வி, நமக்கு ஞாயம் உண்டா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஆமாம் என்றே பதில் சொன்னாலும், 'தேரா' என்று கண்ணகி சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. வள்ளுவர் 'முறை' என்று சொன்னதற்கு எனக்குத் தெரிந்த இங்கத்து உதாரணம் இதுதான்.

மகளுக்குப் போன வாரம் பதில் சொன்னேன். நீதி கோர்ட்டில், ஞாயம் வீட்டில், முறை இரண்டுக்கும் முன்னால் என்று. "இந்தியில முறைக்கு என்னப்பா?" என்றாள். பாரி, தரீக்கா, ரிஷ்தா என்று மூன்று சொல் சொன்னேன். ஒவ்வொன்றும் ஒரு துண்டுதான் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்த பொங்கலுக்கு வாலிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, "காட்டுச் சாலையை மூடுவதா, திறந்து வைப்பதா" என்று பட்டிமன்றம் வைக்கலாம் என்று சங்கச் செயலாளரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வைக்கலாம் சார். ஆனா ரெண்டு அணியிலயும் நம்ம ஆளுங்கதானே பேசணும்?" என்றார்.